காசிம் பாய் வரையாமல் விட்ட தலைப்பாகை

அன்று காலை எங்கள் கல்லச்சுக் கூடத்தில் கிளி மார்க் லேபிள்கள் காய்ந்துகொண்டிருந்தன. ஆம்பூரிலிருந்து கப்பலேறப் போகும் தோல் கட்டுகளின்மேல் ஒட்டுவதற்கானவை. வாங்கிப் போக வந்த, தோல் பதனிடும் டேனரியின் வண்டிக்காரர் மாணிக்கம் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். காய்ந்துவிட்டன, எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னிக்கு லேபிள் வேணாங்க. டேனரிய மூடிட்டாங்க. காசிம் பாய் விடியக்காலைல மவுத்தாய்ட்டாரு."

என் கையில் அடுத்த தவணை லேபிளில் கிளியின் சிறகுக்கென்று குழைத்த பச்சை மை இருந்தது. அந்தப் பச்சையைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டியவரே அவர்தான். போன தடவை, "பிரஸ்காரரே, இது கிளி இல்ல, ஓணான். மஞ்சள கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்று மொத்தத்தையும் திருப்பி அனுப்பியவர். கையைக் கழுவத் தோன்றாமல் அப்படியே கிளம்பிப் போனேன். கபரஸ்தானில் கைப்பிடி மண் அள்ளும்போதுதான் விரல்களில் இன்னும் பச்சை இருப்பதைப் பார்த்தேன்.

அவரை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். அவர்கள் மார்க்கத்தில் அரசனானாலும் அதுதான் உடுப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மனசு கேட்கவில்லை. ஒரு பட்டாளத்துச் சட்டையில் பொத்தான் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, காலர் என்ன நிறம், கைமடிப்பில் என்ன சரிகை என்று ஆயுள் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், ஒரு பொத்தானும் இல்லாத துணியில் போனார். பக்கத்தில் நின்றவர்கள் துவா ஓதினார்கள். நான் அழுதேன்.

அவரை டேனரியில் மட்டும் அறிந்தவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். முகம்மது காசிம் சாயபு தோல் தரம் பிரிப்பவர் என்பது உங்களுக்குத் தெரியும். நெப்போலியன் காலத்துப் படைகளின் உடுப்புகளைப் பற்றித் தமிழில் ஒரு படப் புத்தகம் எழுதியவரும் அவர்தான். ஐரோப்பாவில் அந்த மாதிரி புத்தகங்கள் நிறைய உண்டு. ஒரு பக்கம் முழுக்க ஒரு சிப்பாய் நிற்பான், எதிர்ப் பக்கத்தில் அவன் தொப்பி முதல் செருப்பு வரை விவரம் இருக்கும். தமிழில் அப்படி ஒன்று இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆம்பூரில் எவனுக்கு இது வேண்டும் என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். "எனக்கு வேணும், போதாதா?" என்பார்.

அந்தப் பைத்தியம் பிடித்த கதையை அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். வேலூர்க் கோட்டையிலிருந்த ஒரு பட்டாளம் ஊரை விட்டுக் கிளம்பியபோது, அதிகாரிகளின் சாப்பாட்டுக் கூடத்துச் சாமான்களை ஏலம் போட்டார்கள். பழைய சேணங்களைப் பார்த்து வரும்படி முதலாளி இவரை அனுப்பினார். சேணங்கள் உளுத்துப் போயிருந்தன. மூலையில் ஒரு தடித்த புத்தகம் கிடந்தது. அதன் அட்டை அருமையான கன்றுத் தோல். கட்டைவிரலால் தடவிப் பார்த்தார், மோந்து பார்த்தார், ஏலம் கேட்டுவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான் திறந்தார். உள்ளே பக்கத்துக்குப் பக்கம் கோட்டுச் சித்திரமாகச் சிப்பாய்கள் நின்றார்கள்.

"அட்டைக்காக வாங்குனேன் பிரஸ்காரரே. உள்ள ஆளுங்க இருந்தாங்க" என்பார். மற்றவர்களைப் பற்றிப் பேசும்போதும் இதையே சொல்வார். கடுகடுவென்றிருக்கும் யாரையாவது நான் திட்டினால், "அட்டைய மட்டும் பாத்துட்டு வராதீங்க" என்பார். அவர் மனைவி ஹமீதா பீ என்னைப் பார்க்கும்போதெல்லாம், "எங்க வூட்ல மனுசங்கள விட சிப்பாய்ங்க ஜாஸ்தியாய்ட்டாங்க" என்று குறைப்படுவார். குறைப்பட்டுக்கொண்டே அந்தப் படங்களின்மேல் பூச்சி அரிக்காமல் வேப்பிலை போட்டு வைப்பதும் அவர்தான்.

இங்கிலீஷ் விவரங்களை நான் வாசித்துப் பொருள் சொல்வேன். அவர் கேட்டுக் கேட்டுத் தமிழில் எழுதுவார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து நேரே அச்சுக்கூடத்துக்கு வந்துவிடுவார். ஹுஸ்ஸார் என்று ஒரு குதிரைப்படை. அவர்கள் மேல்சட்டையைப் போட்டுக்கொள்ளாமல் ஒரு தோளில் தொங்கவிட்டிருப்பார்கள். அதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு தாங்காது. "சட்டைன்னா ஒண்ணு போடணும், இல்லாங்காட்டி ஆணியில மாட்டணும். ஒடம்பையே ஆணியாக்கி வெச்சிகிறானே, இன்னா பேஜாரு" என்பார். நெப்போலியனின் காவற்படை கரடித்தோல் குல்லாயோடு நிற்கும் படத்தை வரைந்து முடித்த அன்று, சித்திரை வெயிலில் அந்தக் குல்லாயின் கீழே இருக்கும் மண்டையை நினைத்துத் தன் தலைமேல் ஈரத்துண்டு போட்டுக்கொண்டார். வேடிக்கைக்குத்தான். ஆனால் எழுதும்போது அந்தக் கரடித்தோலின் மயிர் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுகூடத் தப்பாது.

ஒரு தப்பு மட்டும் நடந்தது. ஆம்பூர்க்காரனைத் தவிர வேறு எவனும் அதைச் செய்திருக்க மாட்டான். ஏலத்தில் வாங்கிய புத்தகத்தில் வண்ணம் கிடையாது. சட்டை நீலம், காலர் சிவப்பு என்று எழுத்தில்தான் இருக்கும். மார்பில் குறுக்கே போகும் தோல்வாருக்கு நிறம் எழுதவில்லை. காசிம் பாய்க்கு அதில் சந்தேகமே வரவில்லை. தோல் என்றால் ஆவாரம்பட்டை ஊறிய தோல், அதன் நிறம் வெளிறிய பழுப்பு. பிரெஞ்சுக் காலாட்படை முழுவதற்கும் அந்த நிறத்தைத் தீட்டினார், அடுத்து இங்கிலீஷ்காரர்களுக்கும் தீட்டினார். அத்தனை பேரும் நம் டேனரியில் வார் வாங்கிப் போட்டவர்கள் மாதிரி நின்றார்கள். எனக்கும் அது இயல்பாகத்தான் பட்டது.

பிறகு மதராஸ் பழைய புத்தகக் கடை ஒன்றிலிருந்து வண்ணப் புத்தகம் ஒன்று பார்சலில் வந்தது. பிரித்துப் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வார்கள் எல்லாம் பால் வெள்ளை. வெள்ளைக் களிமண்ணைக் குழைத்துத் தேய்த்துத் தேய்த்து அப்படி வைத்திருப்பார்களாம். "நல்ல தோல எடுத்து சொவுருக்கு அடிக்கிற மாதிரி அடிச்சி வெச்சிகிறானே, இது தோலுக்குப் பண்ற துரோகம்" என்று அன்று முழுவதும் புலம்பினார். மறுநாளே புதுத் தாள் வெட்டி முதல் படத்திலிருந்து ஆரம்பித்தார். தீட்டியதன் மேலேயே வெள்ளை பூசிவிடலாமே என்றேன். அடியிலிருக்கும் பழுப்பு ஒரு நாள் வெளியே வரும் என்று சொல்லிவிட்டார்.

வேலையும் அப்படித்தான். டேனரியில் வடக்கு பார்த்த ஜன்னலருகே நின்றுதான் தோல் பிரிப்பார். வெயில் நேராக விழுந்தால் எல்லாத் தோலும் அழகாகத்தான் தெரியும் என்பார். நல்லது ஒரு குவியல், மட்டம் ஒரு குவியல், நடுவில் சின்னதாக இன்னொன்று. அதற்குச் சந்தேகக் குவியல் என்று பெயர். எந்த அவசரமானாலும், கப்பல் நாள் நெருங்கினாலும், சந்தேகப்பட்டதை அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ தள்ளிவிட மாட்டார். "தெரியலன்னா தெரியலன்னு வெய்யி" என்பது அவர் கீழே வேலை பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டிருக்கும் பேச்சு. புத்தகத்துக்கும் வீட்டில் அப்படி ஒரு சந்தேகக் குவியல் உண்டு. விவரம் கிடைக்கக் கிடைக்கப் படங்கள் அதிலிருந்து வெளியே வந்தன. ஒன்றே ஒன்று மட்டும் வருஷக்கணக்கில் அங்கேயே கிடந்தது.

அது வேலூர்ச் சிப்பாய்களின் படம். நெப்போலியன் அங்கே நாடு நாடாகப் பிடித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், 1806ல், நம் கோட்டையில் கும்பினிச் சிப்பாய்கள் எழுந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். தாடி எடுக்க வேண்டும், நெற்றியில் குறி கூடாது, கடுக்கன் கூடாது, புது மாதிரித் தலைப்பாகை போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்தத் தலைப்பாகையில் ஒரு தோல் சின்னம் இருந்தது. மாட்டுத் தோலோ பன்றித் தோலோ என்று இந்து, முஸ்லிம் இரண்டு பக்கத்துச் சிப்பாய்களுக்கும் மனசு கொதித்தது. அப்புறம் நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை. கோட்டைக்குள் விழுந்த பிணங்களுக்குக் கணக்கு சொல்ல ஆளில்லை.

அவர் வாங்கிச் சேர்த்த புத்தகங்களில் ஐரோப்பாவின் சின்னஞ்சிறு சமஸ்தானத்துக்குக்கூடப் படம் இருந்தது. நம் ஆம்பூரளவு ஊரை ஆண்ட பிரபுவின் மேளக்காரன்கூட வண்ணத்தில் நின்றான். வேலூர்ச் சிப்பாய் மட்டும் இல்லை. "உடுப்புக்காகச் செத்தவன் இவன் ஒருத்தன்தான். உடுப்புப் புத்தகத்துல இவனுக்கு மட்டும் எடம் இல்ல" என்பார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் வேடிக்கை இருக்காது.

ஆகவே அந்தப் படத்தை வரையத் தொடங்கினார். ஒரே தாளில் இரண்டு பேர், ஒரு முஸ்லிம், ஒரு இந்து. சிவப்புச் சட்டை, வெள்ளை வார் எல்லாம் ஆயிற்று. தலைப்பாகையில் வந்து நின்றது. அது எப்படி இருந்தது என்று அவர் பார்த்த எந்தப் புத்தகமும் தெளிவாகச் சொல்லவில்லை. மதராஸுக்கு எழுதிக் கேட்டார், பதில் வரவில்லை. வேலூரில் பழைய குடும்பங்களைத் தேடிப் போனார். சிப்பாய் வம்சம் என்று யார் சொன்னாலும் வாலாஜாபேட்டைக்கும் சோளிங்கருக்கும் வண்டி ஏறிவிடுவார். படத்துக்காக மட்டும் அல்ல. "தலப்பா முழுசா வேணாம். அந்தத் தோல்ல ஒரு துண்டு கெடச்சா போதும். மயிர்க்காலப் பாத்தா இன்னா ஜீவன்னு நான் சொல்லிடுவேன். எதுக்குச் செத்தாங்கன்னு ஒருத்தனாவது பாத்துச் சொல்ல வேணாமா?" என்று என்னிடம் கேட்டார்.

அப்போதுதான் ஊரில் பெரிய தோல் வியாபாரி ஒருவர் புத்தகத்தை அச்சிடும் செலவை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். ஒரு நிபந்தனைதான். வேலூர்த் தலைப்பாகை முகப்பில் வண்ணத்தில் வர வேண்டும். உலகத்தில் யாரிடமும் இல்லாதது நம் ஊர்ப் புத்தகத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. நியாயமான ஆசைதான். தேடிக்கொண்டிருக்கிறோம் என்றோம்.

கிடைத்தும் விட்டது. வாலாஜாபேட்டை ஜவுளிக்காரர் ஒருவர், பெயர் வேண்டாம், பட்டுத் துணியில் பொதிந்து ஒன்றைக் கொண்டுவந்தார். நைந்த தலைப்பாகை, அதில் தைத்த தோல் சின்னம். பாட்டனாரின் பாட்டனார் கோட்டையில் செத்தவராம். வருஷா வருஷம் அதற்குக் கற்பூரம் காட்டுவார்களாம். என் அச்சுக்கூடத்தில் வைத்துத்தான் பிரித்தார். காசிம் பாய் கைகளைத் துடைத்துக்கொண்டு, அதை இரண்டு கையாலும் வாங்கி, அங்கிருந்த வடக்கு ஜன்னலுக்கு எடுத்துப் போனார். திருப்பிப் பார்த்தார், ஓரத்தை நகத்தால் லேசாக விலக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் எங்கள் பக்கம் திரும்பவேயில்லை.

திரும்பி வந்து, "எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியலீங்க. பெரியவங்க வெச்சது, பத்திரமா வெய்யுங்க" என்று சொல்லி, மடிப்புக் கலையாமல் அதே பட்டுத் துணியில் சுற்றிக் கொடுத்தார். ஜவுளிக்காரர் போன பிறகு நான் பிடித்துக்கொண்டேன். கட்டைவிரலை வைத்தாலே கன்றா ஆடா என்று சொல்கிறவருக்குத் தெரியாமல் போகுமா? அவர் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஓரத்துல நீலம் ஓடுது. குரோம் உப்பு போட்டுப் பதம் பண்ண தோலு. அந்த வித்த நம்ம ஊருக்கு வந்தது நேத்து. 1806ல யாருக்குத் தெரியும்?"

அப்படியானால் ஏன் தெரியவில்லை என்றீர்கள் என்று கேட்டேன். "அந்த ஆளு கற்பூரம் காட்டிக்கினு கீறாரு. சந்தேகத்துல போட்டா தோலு ஒண்ணும் கெட்டுப்போவாது" என்றார். அவர் தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

விஷயம் வியாபாரியின் காதுக்குப் போயிற்று. தெரியாது என்றால் இருக்கலாம் என்றும்தானே அர்த்தம், அதையே வரையுங்கள் என்று ஆள் அனுப்பினார். நானும் மன்றாடினேன். வரைந்து, கீழே ஒரு குடும்பத்தாரிடம் இருப்பது என்று மட்டும் போடுவோம், நிஜம் என்று சொல்ல வேண்டாம், புத்தகம் வெளியே வந்துவிடும் என்றேன். காசிம் பாய் அசையவில்லை. பொய்த் தலைப்பாகையைப் போட்டுவிட்டால் இனிமேல் யாரும் நிஜத்தைத் தேட மாட்டார்கள் என்றார். வியாபாரி விலகிக்கொண்டார். நான் கோபத்தில் கொஞ்ச காலம் அவர் வீட்டுப் பக்கமே போகவில்லை. லேபிள் நிறம் பார்க்க வந்தால் மாணிக்கத்தை விட்டுக் காட்டச் சொல்வேன். அந்தக் கோபம் தப்பென்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. உயிரிருக்கும்போதே மனிதர் தன் புத்தகத்தைக் கையில் பிடித்திருக்கலாம். பிடிக்காமலே போய்விட்டார். யாரிடம் போய் நான் இதைச் சொல்லுவேன்?

பட்டைத்தூளும் சுண்ணாம்பும் நெஞ்சில் இறங்கி அவர் படுத்தபோது ஹமீதா பீ சொல்லி அனுப்பினார். போனேன். கட்டிலை வடக்கு ஜன்னலோரம் போடச் சொல்லியிருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. "வந்துட்டீங்களா பிரஸ்காரரே. சந்தேகக் குவியல்ல ஒண்ணு பாக்கி கீது, எடுங்க" என்றார். இரண்டு சிப்பாய்களின் படத்தை எடுத்து மடியில் வைத்தேன். நெற்றிக்கு மேலே இரண்டு பேருக்கும் வெறும் தாள். முகத்திலும் அவர் கை வைத்திருக்கவில்லை. தாடி எடுக்கச் சொன்ன உத்தரவுக்கு முன்னா பின்னா என்று முடிவாகாமல் விட்டுவைத்திருந்தார்.

மூச்சு வாங்கி வாங்கித்தான் பேசினார்.

"இத்தினி வருசம் நான் இன்னா பண்ணிக்கினு இருந்தேன் பாருங்க. போட மாட்டோம்னு உசிர வுட்டாங்க. அவங்க தலையில அதைத் தேடிப்புடிச்சி மாட்டறதுக்கு ஊர் ஊராப் போனேன். துரைங்க பண்ண வேலையத்தான் நானும் பண்ணிகிறேன்."

உத்தரவுக்கு முன்பு அவர்கள் கட்டியிருந்த பழைய தலைப்பாகையையாவது போடலாமே என்று கேட்டேன். வேண்டாமென்று தலையசைத்தார். "வெறுந்தலையா இருக்கட்டும். பாக்கறவன் கேக்கணும், இவங்க தலையில இருந்தது இன்னா ஆச்சுன்னு."

தூரிகை கேட்டார். ஹமீதா பீ தாளைப் பலகையில் வைத்துப் பிடித்துக்கொண்டார். ஒருவனுக்குத் தாடி தீட்டினார், நெருக்கமாக, கறுப்பாக. மற்றவன் நெற்றியில் நாமம் இட்டார். இளைப்பாறினார். பிறகு கொஞ்சம் மஞ்சள் தொட்டு அவன் காதில் கடுக்கனை வைத்தார். எடுக்கச் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஹமீதா பீ படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்து, "இன்னிக்குத்தான் இவங்க ரெண்டு பேரும் நம்ம ஊரு ஆளுங்க மாதிரி கீறாங்க" என்றார். காசிம் பாய் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் தூரிகையைத் தொடவில்லை.

புத்தகத்தை நான் அச்சிடப் போகிறேன். வியாபாரி வேண்டாம். லேபிள் வேலைக்கு நடுவே என் கல்லிலேயே ஒவ்வொரு பக்கமாகப் போடுகிறேன், வண்ணத்தைக் கையால் தீட்டிக்கொள்வோம். தாமதமாகும், ஆகட்டும். முதலில் எடுத்தது வேலூர்ப் படத்தைத்தான். சோதனைத் தாள் இழுத்ததும் என்னோடு வேலை செய்பவர் பார்த்துவிட்டு, மேலே மை படவில்லை போலிருக்கிறது, மறுபடி இழுக்கட்டுமா என்று கேட்டார். என் கையும் பழக்கத்தில் மை உருளைக்குப் போய்விட்டது. அச்சுக்காரன் புத்தி அது, வெறும் இடத்தைப் பார்த்தால் பொறுக்காது.

கையை எடுத்துக்கொண்டேன். காசிம் பாயின் புத்தகங்களை ஹமீதா பீ வைத்துக்கொள்ளட்டும், வேப்பிலை போட அவருக்குத்தான் தெரியும். பாயின் தூரிகைகள் அவர் மகள் வீட்டுக்குப் போகட்டும். எனக்கென்று அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த இரண்டு தலைகளுக்கு மேலே இருக்கும் வெள்ளைத் தாள்தான். அதில் மை படாமல் பார்த்துக்கொள்வது இனி என் வேலை.